பாதையை விட்டு இறங்காதேங்கோ: சுவிஸ் தேசியப் பூங்காவில் நடந்து கற்றது

சுவிற்சர்லாந்தில் தேசியப் பூங்கா என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான். மலைக்குக் குறைவில்லாத நாடு. எங்கே திரும்பினாலும் கேபிள் கார், மலை ரயில், உச்சியில் ஒரு உணவகம், அங்கே சுடச்சுட சூப். ஆனால் நாட்டின் கிழக்கு மூலையில், கிராவ்பூண்டன் மாநிலத்தின் எங்கடீன் பள்ளத்தாக்கை ஒட்டியிருக்கும் இந்த 170 சதுர கிலோமீற்றருக்குள் கேபிள் காரும் கிடையாது, உச்சியில் சூப்பும் கிடையாது. இருப்பவை 100 கிலோமீற்றர் அளவுக்கு நடைபாதைகளும் ஒரு நீளமான தடைப் பட்டியலும்தான்.

நாயைக் கொண்டுபோகக் கூடாது, கயிற்றில் கட்டியிருந்தாலும் கூடாது. சைக்கிள், கூடாரம், நெருப்பு, ட்ரோன் எதுவும் கூடாது. பூப் பறிக்கக் கூடாது, காளான் பிடுங்கக் கூடாது, மான் உதிர்த்துவிட்டுப் போன கொம்பு காலடியில் கிடந்தாலும் எடுக்கக் கூடாது. குளிர்காலத்தில் உள்ளே போகவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, குறியிட்ட பாதையை விட்டு ஓரடிகூட வெளியே வைக்கக் கூடாது.

இதைக் கேட்டதும் என் மைத்துனர் சொன்னது: "அத்தான், நெருப்புமில்லை, இறைச்சியுமில்லை எண்டால் அங்க என்னத்துக்குப் போறது?"

நியாயமான கேள்விதான். சுவிஸில் எங்கள் தமிழ் ஆட்களின் கோடைகாலச் சுற்றுலா எப்படியிருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. முதல் நாள் இரவே கோழி ஊறும். நாலு கார், ஐஸ் பெட்டி, ஸ்பீக்கர். ஏதாவதொரு ஏரிக்கரையில் கிறில் போட்டு, பிள்ளைகள் தண்ணீரில், பெரியவர்கள் நிழலில். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அன்றைக்கு அந்த ஏரிக்கரையில் என்ன பறவை இருந்தது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. நாங்கள் போட்ட சத்தத்தில் அது எப்போதோ பறந்து போயிருக்கும்.

தேசியப் பூங்காவுக்கு என்னை இழுத்துப் போனது மகள். பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒரு பாடத்துக்காகப் படித்துவிட்டு, போயே ஆகவேண்டும் என்று நின்றாள். அதன் பிறகு வெவ்வேறு பருவங்களில் போய்வந்துவிட்டேன். மைத்துனரின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது: அந்தத் தடைகள் இருப்பதால்தான் அங்கே விலங்குகள் உங்களைக் கண்டு ஓடுவதில்லை. அது எப்படி என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

1909ல் சுவிஸ் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியபோது ஆண்டுச் சந்தா ஒரு பிராங்க். இன்றைக்கு ப்ரோ நாத்தூரா என்ற பெயரில் இயங்குவது அந்தச் சங்கம்தான். பூங்காவுக்குப் பணம் சேர்ப்பதே அதன் முதல் வேலை. குளுவோட்ஸா என்ற பள்ளத்தாக்கைச் செர்நெட்ஸ் கிராமத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்து ஆரம்பித்தார்கள். 1914 ஓகஸ்ட் 1ஆம் தேதி பூங்கா பிறந்தது. பக்கத்து நாடுகளெல்லாம் முதலாம் உலகப் போருக்குள் இறங்கிக்கொண்டிருந்த அதே நாட்கள். அல்ப்ஸ் மலைத்தொடரில் இதுதான் முதல் தேசியப் பூங்கா.

இந்த வேலைக்கு முன்னின்றவர்களில் ஒருவர் பாசல் நகரத்து இயற்கையாளர் பவுல் சரசின். பெயரைப் பார்த்ததும் எங்கோ கேள்விப்பட்டது போலிருந்தது. 1880களில் தன் உறவினர் ஃபிரிட்ஸ் சரசினோடு இலங்கைக்கு வந்து ஆராய்ச்சி செய்தவர் இவர்தான். அங்குள்ள பழங்குடியினரான வேடர்களைப் பற்றி எழுதியதோடு நிற்காமல், அவர்களுடைய மண்டையோடுகளையும் எலும்புகளையும் இருவரும் சேகரித்துப் பாசலுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு மான்கொம்பைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது என்கிற பூங்காவை உருவாக்கியவர்களில் இப்படியொருவர் இருந்தார். இந்தத் தகவல் பூங்காவின் அழகைக் குறைக்கவில்லை. ஆனால் தெரிந்துகொண்டு நடப்பது நல்லது.

அங்கே காட்டைப் பார்த்தால் மனிதர் கை படாத ஆதிக் காடு என்று தோன்றும். அதுவும் உண்மையில்லை. ஓஃபன் கணவாய்ப் பக்கம் ஒரு காலத்தில் இரும்பு உருக்கினார்கள். அதற்கு விறகு. அப்புறம் ஆஸ்திரியாவின் ஹால் நகரத்தில் உப்புக் காய்ச்சுவதற்கு விறகு. வெட்டிய மரங்களை ஆற்றில் விட்டே அனுப்பினார்கள். மலைச்சரிவுகள் மொட்டையாகின. இன்று பாதையோரம் நெருக்கமாக நிற்கும் மலைப் பைன் மரங்கள் அந்த வெட்டுக்குப் பிறகு எழும்பியவை. 1914ல் செய்தது ஒன்றே ஒன்று: வெட்டுவதை, மேய்ப்பதை, வேட்டையை, புல் அறுப்பதை எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். மரம் நட்டுக் காட்டைத் 'திருத்த'வும் இல்லை. விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே கிடக்கும், பாதைக்குக் குறுக்கே விழுந்தால் மட்டும் அறுத்து ஒதுக்குவார்கள். முதல்முறை போன என் மனைவி, "என்ன இது, துப்புரவாக்காமல் விட்டிருக்கினம்" என்றார். அந்த உளுத்த மரங்களில்தான் வண்டும் பூஞ்சையும் மரங்கொத்தியும் குடியிருக்கின்றன என்று மகள் ஒரு வகுப்பே எடுத்தாள்.

சரி, போகிற வழி. கார் வேண்டாம். பூங்காவுக்கு நடுவே ஓஃபன் கணவாய் வீதி போகிறது, இலக்கமிட்ட வாகனத் தரிப்பிடங்களும் இருக்கின்றன. ஆனால் கோடை வார இறுதியில் காலை 9 மணிக்கே அவை நிரம்பிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், காரில் போனால் விட்ட இடத்துக்கே திரும்பி வரவேண்டும். இங்குள்ள நல்ல பாதைகள் பல ஓரிடத்தில் ஏறி வேறோரிடத்தில் இறங்குபவை. சூரிச்சிலிருந்து லாண்ட்குவார்ட் போய், அங்கே சிவப்பு நிற ரேட்டிய ரயிலுக்கு மாறினால், 19 கிலோமீற்றர் நீளமுள்ள வெராய்னா சுரங்கத்தைக் கடந்து மொத்தம் இரண்டரை மணித்தியாலம் அளவில் செர்நெட்ஸ். நிலையத்திலிருந்து மியூஸ்டையர் போகும் மஞ்சள் போஸ்ட் பஸ் அந்தத் தரிப்பிடங்களில் நின்று போகும். ஹால்ப்டாக்ஸ் எனும் அரைக் கட்டண அட்டை இல்லாதவர்கள், உங்கள் கெமைண்டேயில், அதாவது ஊராட்சி அலுவலகத்தில், கிடைக்கும் நாள் ரிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். எவ்வளவு முந்துகிறீர்களோ அவ்வளவு மலிவு.

பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. செர்நெட்ஸில் இருக்கும் பார்வையாளர் மையத்தில் கண்காட்சிக்குத்தான் காசு. நேரமிருந்தால் பாருங்கள், நேரமில்லையென்றால் அன்றைய பாதை நிலவரத்தை மட்டும் கேட்டுக்கொண்டு பஸ் ஏறுங்கள். ஜூன் தொடக்கத்தில் மேலே பனி கிடக்கலாம், இணையத்தில் பார்ப்பதைவிட அங்கே இருப்பவரிடம் கேட்பது மேல்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது மார்குனெத் பாதை. எட்டாம் இலக்கத் தரிப்பிடத்தில் இறங்கி, ஸ்டாபெல்சோத் பள்ளத்தாக்கு வழியாக ஏறி, 2,328 மீற்றர் உயரத்தில் இருக்கும் மார்குனெத் மேட்டைத் தொட்டு, மறுபக்கம் போச் பள்ளத்தாக்கால் இறங்கி ஏழாம் இலக்கத்துக்கு வரலாம். ஏற்றம் 400 மீற்றரும் கொஞ்சமும்தான். நடை மட்டும் என்றால் மூன்றரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் முழு நாளை ஒதுக்குங்கள்.

காட்டுக்குள் கொஞ்சம் ஏறியதும் ஸ்டாபெல்சோத் புல்வெளி. முன்பு கோடையில் மாடுகள் மேய்ந்த இடம். மாடு போய் நூறு வருடத்துக்கு மேலாகியும் இது காடாகவில்லை. மரம் முளைக்கும், செம்மான்கள் வந்து மேய்ந்துவிடும். பிரவுன்-பிளாங்கே என்ற தாவரவியலாளர் 1917லேயே இந்தப் பூங்காவில் சின்னச் சின்னத் துண்டுகளாக நிலத்தை அளந்து, எந்தச் செடி எத்தனை என்று பதியத் தொடங்கினார். அதே துண்டுகளை இன்றும் எண்ணுகிறார்கள். மான்கள் ஒட்ட மேயும் இடங்களில் செடி வகைகள் குறையவில்லை, கூடியிருக்கின்றன. காலைப் பாதையை விட்டு எடுத்து அந்தப் புல்லில் வைப்பது ஏன் தவறு என்று எனக்கு உறைத்தது இதை வாசித்தபோதுதான். நூறு வருடமாக ஒருவரும் தொடாமல் வைத்திருக்கும் கணக்கேட்டில் போய்க் கிறுக்குவது அது.

இந்தப் புல்வெளியில் முர்மெலி என்று இங்கத்தையர் சொல்லும் மர்மோட்டுகள் நிறைய, குழியில் வாழும் பருத்த அணிலினம். குழிவாசலில் எழும்பி நின்று பார்க்கும், விசிலடிக்கும். எங்களுக்குப் பக்கத்தில் ஒன்று பாதையிலிருந்து பத்தடி தூரத்தில் புல் கடித்துக்கொண்டிருந்தது. இன்னும் நன்றாகப் படம் எடுக்கலாமே என்று நான் ஒரு கல்லின் மேல் காலை வைக்கப் போனேன். மகள் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"அப்பா, பாதையை விட்டு இறங்காதேங்கோ. இறங்கினால் ஓடிரும்."

கொஞ்சம் மேலே பூங்காக் காவலர் ஒருவர் மூன்றுகால் தாங்கியில் தொலைநோக்கியை நிறுத்தியிருந்தார். "அல்லேக்ரா" என்றார். எங்கடீனில் ரோமான்ஷ் பேசுகிறவர்களின் வணக்கம் அது. பதிலுக்கு அதையே சொல்லுங்கள், முகம் மலரும். மகள் ஜெர்மனில் அவரிடம் நிறையக் கேட்டாள். அவர் சொன்னதன் சாரம் இதுதான். மான், கெம்ஸ எனும் மலையாடு, மர்மோட் எல்லாவற்றுக்கும் பாதை எங்கே இருக்கிறது என்று தெரியும். மனிதர் அந்தக் கோட்டில் வருவார்கள், அந்தக் கோட்டிலேயே போவார்கள் என்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பழகியிருக்கின்றன. கோட்டில் நூறு பேர் போனாலும் அவற்றுக்குப் பிரச்சினை இல்லை. ஒருவர் கோட்டை விட்டு நாலடி வெளியே வந்தால் கணக்குத் தப்பிவிடும், மந்தையே எழும்பி ஓடும். ஓடுவதற்குச் சக்தி வேண்டும். இங்கே புல் வளரும் காலம் குறுகியது, அதற்குள் கொழுப்புச் சேர்த்தால்தான் குளிர்காலம் தாண்டும்.

குளிர்காலத்தில் பூங்காவை மூடுவதற்கும் இதுதான் காரணம். செம்மான் அந்த மாதங்களில் இதயத் துடிப்பைக் குறைத்து, கால்களைக் குளிர விட்டு, சேமித்ததை மெல்ல மெல்லச் செலவழிக்கும். பனிச்சறுக்கில் யாராவது அந்தப் பக்கம் வந்து விரட்டினால் சேமிப்பு காலி.

இது தேசியப் பூங்காவுக்கு மட்டும் பொருந்தும் விஷயம் இல்லை. மற்ற இடங்களில் இப்படிச் சட்டம் கிடையாதுதான், ஆனால் வீட்டுக்குப் பக்கத்துக் காட்டிலும் வழமையான பாதையிலேயே நின்று, குரலைத் தாழ்த்திப் பாருங்கள். நரியும் மானும் சாயங்காலத்தில் தாமாக வெளியே வரும்.

ஸ்டாபெல்சோத் பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் ஒரு பாறைச் சுவர் இருக்கிறது. அங்கேதான் 1991 தொடக்கம் 2007 வரை தாடிக் கழுகுக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள், மொத்தம் 26. ஆட்டுக்குட்டியைத் தூக்கும், குழந்தையைத் தூக்கும் என்று பயந்து, ஒரு காலத்தில் அல்ப்ஸ் முழுவதிலும் சுட்டும் நஞ்சு வைத்தும் தீர்த்துக்கட்டிய பறவை இது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. உண்மையில் அதன் சாப்பாடு பெரும்பாலும் எலும்பு. பெரிய எலும்பென்றால் மேலே கொண்டுபோய்ப் பாறையில் போட்டு உடைத்து விழுங்கும். இறகு விரித்தால் இரண்டரை மீற்றருக்கு மேல். வயிற்றுப் பக்கம் துருப்பிடித்த நிறத்தில் இருக்கும். இரும்புச் சத்துள்ள சேற்றில் அதுவே குளித்துப் பூசிக்கொள்வது.

மார்குனெத்தில் ஏறி உட்கார்ந்து நாங்கள் ரொட்டியைப் பிரித்தபோது வானத்தில் ஒன்றுமில்லை. அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பக்கத்திலிருந்த ஒரு குழு படம் எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டது. அவர்கள் மறுபக்கம் இறங்கி மறைந்த பிறகு எதிர்ச் சரிவோடு ஒட்டி ஒரு நிழல் வந்தது. முதலில் பார்த்தது பாறைமேல் போன நிழலைத்தான், பறவையை அதற்குப் பிறகுதான். இறக்கையை ஒருமுறைகூட அடிக்காமல் எங்கள் கண்மட்டத்துக்குக் கீழே பள்ளத்தாக்கு முழுவதையும் கடந்து போனது. என் மனைவி சாப்பாட்டுப் பெட்டி மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

ஆகவே நான் சொல்லும் முதல் பாடம் நடையைப் பற்றியது இல்லை: நடப்பதைக் குறைத்து உட்காருவதைக் கூட்டுங்கள். கைக்கடிகாரத்தில் எத்தனை அடி, எத்தனை கிலோமீற்றர் என்று பார்ப்பவர்களுக்கு இந்தப் பூங்கா ஏமாற்றம் தரும். உட்காருவதற்கும் இடம் குறித்திருக்கிறார்கள். மஞ்சள் அடையாளமிட்ட கம்பங்களுக்கு உட்பட்ட இடத்தில் மட்டும் பாதையை விட்டு விலகிப் புல்லில் இருக்கலாம். ஒரு சுமாரான பைனாகுலர் போதும். 8×42 என்று போட்டிருப்பது கைநடுக்கம் தெரியாமல் பார்க்க வசதி. அதைவிடப் பெரிதாக வாங்கினால் கழுத்துத்தான் வலிக்கும்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம், எங்கள் ஆட்களுக்கு இதுதானே முக்கியம். நெருப்பு இல்லை, கடை இல்லை, குப்பைத் தொட்டியும் எதிர்பார்க்காதீர்கள். கொண்டுபோகிறதெல்லாம் திரும்பி வரவேண்டும். சோறு, குழம்பு என்று போனால் ஊற்றும், நாறும், பெட்டி கழுவ ஓடையைத் தேடுவீர்கள். கோதுமை மா ரொட்டியும் கட்டைச் சம்பலும் போல மலைக்கு ஏற்ற சாப்பாடு வேறில்லை. கெடாது, சிந்தாது, குளிரிலும் ருசி. வெள்ளைத் துணியில் சுற்றி எவர்சில்வர் பெட்டியில் வையுங்கள். கச்சான், பேரீச்சம்பழம் போதும் நொறுக்குத் தீனிக்கு. தோடம்பழம் கொண்டுபோனால் தோலையும் கொண்டுவாருங்கள். 'மண்ணோடு மண்ணாகப் போயிரும்' என்பது ஊரின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் சரி. இங்கே வருடத்தில் பாதி நாள் உறைபனி, தோல் அப்படியே கிடக்கும். பறவைக்கும் மர்மோட்டுக்கும் எறிவதும் தரும காரியம் இல்லை. மனிதர் கையைப் பார்த்து வரப் பழகிய விலங்குக்கு நல்ல முடிவு வருவதில்லை.

தண்ணீரைச் செர்நெட்ஸிலேயே நிரப்புங்கள். கிராமத்துத் தொட்டிகளில் ஓடும் தண்ணீர், குடிநீர் இல்லை என்று எழுதிப் போடாத வரைக்கும், குடிக்கக் கூடியதுதான். ஆளுக்கு ஒன்றரை லீற்றர். போத்தல் வாங்கவே தேவையில்லை. கழிப்பறையும் அப்படித்தான், பஸ் ஏறுமுன் போய்விட்டு ஏறுங்கள். வழியில் அவசரம் வந்துவிட்டால் ரிஷூவை அங்கே விடாதீர்கள், ஒரு சிறு பையில் போட்டுக் கட்டிக்கொண்டு வாருங்கள். எழுத அவ்வளவு வடிவான விஷயம் இல்லைத்தான். ஆனால் அல்ப்ஸ் பாதைகளில் நான் அதிகம் காணும் குப்பை போத்தல் இல்லை, வெள்ளை ரிஷூதான்.

உடுப்பில் ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. மெல்லியதாக இரண்டு மூன்று உடுப்பு ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, மேலே மழைக்கோட்டு. ஜூலை, ஓகஸ்டில் மத்தியானத்துக்குப் பிறகு இடிமழை வரலாம், அதனால் காலை முதல் பஸ்ஸில் ஏறி இரண்டு மணிக்குள் மேட்டை விட்டு இறங்கிவிடுவது நல்லது. இங்கே பாதைகள் பெரும்பாலும் வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் குறி, அதாவது மலைப்பாதை. கணுக்காலைப் பிடிக்கும் சப்பாத்து வேண்டும். வீட்டில் கிளம்புமுன் அடிப்பகுதியைத் தூரிகையால் சுத்தப்படுத்துங்கள், வேறிடத்து விதைகள் அந்தச் சேற்றில்தான் பயணம் செய்கின்றன. பள்ளத்தாக்குகளில் போன் சிக்னல் பல இடங்களில் வராது. வரைபடத்தை முதலே இறக்கி வையுங்கள், வீட்டில் ஒருவரிடம் எந்தப் பாதை என்று சொல்லிவிட்டுப் போங்கள். மலையில் விபத்தென்றால் றேகா வான்மீட்பு இலக்கம் 1414.

ஒரு இரவு தங்க ஆசைப்படுபவர்களுக்கு குளுவோட்ஸா மலைவீடு இருக்கிறது, 1,882 மீற்றரில், செர்நெட்ஸிலிருந்து மூன்று மணி நேர நடை. கூடாரம் போடத் தடை என்பதால் பூங்காவுக்குள் தூங்க இதையும், வீதியோரம் இருக்கும் இல் ஃபுவோர்ன் ஹோட்டலையும் விட்டால் வழியில்லை. கட்டாயம் முன்பதிவு செய்ய வேண்டும். அந்தப் பக்கம் ஐபெக்ஸ் எனும் பெரிய கொம்புள்ள காட்டாட்டைக் காணலாம், இங்கே ஸ்டைன்பொக் என்பார்கள். சுவிஸில் அது வேட்டையால் முற்றாக அழிந்திருந்தது. இத்தாலிய மன்னரின் வேட்டைக்காட்டில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது, மன்னர் தர மறுத்தார். 1906ல் குட்டிகளை எல்லை தாண்டிக் கடத்திக்கொண்டுவந்து வளர்த்தார்கள். அந்த வழிவந்தவற்றை 1920ல் பூங்காவுக்குள் விட்டார்கள். இன்று சுவிஸ் மலைகளில் சுற்றும் ஐபெக்ஸ்களுக்கு மூதாதையர் கள்ளக்கடத்தலில் வந்தவர்கள் என்பது அகதியாக எல்லை தாண்டி வந்த எனக்குப் பிடித்த கதை.

எல்லாம் இங்கே ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். ஓஃபன் கணவாய் வீதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார்சைக்கிள் கூட்டம் போடும் சத்தம், மார்குனெத்தில் இருக்கும்போதுகூட ஒரு காற்று வாக்கில் வந்து சேரும். பூங்காவினூடாக ஓடும் ஸ்போல் ஆற்றை மின்சாரத்துக்காக மறித்துவிட்டார்கள். 1958ல் நாடு தழுவிய வாக்கெடுப்பில் மக்களே சரியென்று சொன்னார்கள். இயல்பான வெள்ளம் வராமல் ஆற்றுப்படுக்கையில் சேறு படியத் தொடங்க, 2000ஆம் ஆண்டில் அணையைத் திறந்து செயற்கை வெள்ளம் விடத் தொடங்கினார்கள். ஒரு பூவைக் கிள்ளினால் தண்டம், ஆற்றை மறித்தால் அபிவிருத்தி என்று என் மைத்துனர் கிண்டல் செய்வார். பதில் சொல்வது கஷ்டம்தான். ஆனால் அணை என் கையில் இல்லை, பூ என் கையில் இருக்கிறது.

சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் தடைகளைத் தடைகளாகச் சொல்லாதீர்கள். பாதையோரம் ஒரு வேலை கொடுங்கள். பூங்காவின் சின்னத்தில் இருக்கும் புள்ளிபோட்ட பழுப்புப் பறவையைத் தேடச் சொல்லுங்கள். அது ஆர்வெ எனும் ஒரு வகைப் பைன் மரத்தின் விதைகளைப் பல்லாயிரக்கணக்கில் நிலத்தில் புதைத்துவைக்கும், பனிக்குள்ளும் பெரும்பாலானவற்றைத் தோண்டி எடுக்கும், எடுக்காமல் விட்டவை மரமாகும். கூம்புகள் கொத்திச் சிதறியிருந்தால் அது பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். என் அக்காவின் பேரன் அதைத் தேடிக்கொண்டே, தூக்கு என்று ஒருமுறையும் கேட்காமல் முழுப் பாதையையும் நடந்தான். தள்ளுவண்டிக்கு வழியில்லை, ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மார்குனெத் கடினம்.

விலங்கு பார்ப்பதற்கென்றே போகிறவர்கள் செப்டெம்பர் கடைசியில் ட்ருப்சூன் பள்ளத்தாக்குக்குப் போங்கள். ஷ்சான்ஃப் நிலையத்தில் இறங்கி இரண்டு, இரண்டரை மணி நேரம் நடக்க வேண்டும், ஏற்றம் மெதுவானது. செம்மான்கள் இணைசேரும் பருவம். ஆண் மான்கள் ஒன்றை ஒன்று பார்த்து உறுமுவது முதல்முறை கேட்பவருக்கு மாடு கத்துகிறதா, மரம் முறிகிறதா என்று சந்தேகம் வரும். அதே மாதத்தில்தான் கிராவ்பூண்டனில் வேட்டைக்காலம். எல்லைக்கு வெளியே துப்பாக்கி, உள்ளே இல்லை. மான்களுக்கு இது நன்றாகத் தெரியும், அந்த வாரங்களில் உள்ளே திரண்டுவிடும். ஒரு காலத்தில் சுவிஸில் இல்லாமலே போயிருந்த இந்த மான், கிழக்கே இருந்து யாரும் கூட்டிவராமல் தானாகவே திரும்பி வந்தது. கரடியும் அப்படித்தான் எட்டிப் பார்த்தது: இப்பகுதியில் கடைசிக் கரடியைச் சுட்டது 1904ல், அடுத்த கரடி எல்லை தாண்டி நடந்து வந்தது 2005ல். அண்மை ஆண்டுகளில் ஓநாய்களும் வந்திருக்கின்றன.

அந்த வாரங்களில் சனி, ஞாயிறு ட்ருப்சூன் பாதையில் ஏறத்தாழ வரிசைதான், புல்வெளி ஓரத்தில் மூன்றுகால் தாங்கிகள் நிறைந்திருக்கும். வார நாளில் லீவு எடுத்துப் போவது நல்லது. மான் உறுமல் விடியலிலும் மாலையிலும்தான் அதிகம், கடைசி ரயிலைப் பார்த்துத் திட்டமிடுங்கள். காலையில் புல்லில் உறைபனி இருக்கும். என் மைத்துனர் இந்த வருடம் வருகிறேன் என்கிறார், கையுறையும் தொப்பியும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஸ்பீக்கரை வீட்டில் வைத்துவிட்டு வரவும் சொல்லியிருக்கிறேன், அதற்கு இன்னும் பதில் வரவில்லை.